பக்கத்துக்குப் பின்னணிப் படம் அமைத்தல்: வெண்பட்டு வேட்டியின் கணக்கு

சமூக ஊடகப் பக்கத்தின் உச்சியில் அகலமாக விரிந்திருக்கும் படத்தைப் பேச்சில் கவர் போட்டோ என்றும் பேனர் என்றும் சொல்கிறோம். இந்தப் பேனர் என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சேலத்தில் பேனர் என்றதும் கண்முன் வருவது ஐந்து ரோட்டிலோ கல்யாண மண்டப வாசலிலோ கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்: மேலே குலதெய்வம், நடுவில் மணமக்கள், கீழே வாழ்த்துவோர் முகங்கள் வரிசையாக, எங்காவது இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு ரோஜாப்பூ. ஃப்ளெக்ஸுக்கு அது பொருந்தலாம். அதன்மேல் வேறு எதுவும் வந்து உட்காரப்போவதில்லை. பக்கத்தின் பின்னணிப் படத்தின் நிலைமை வேறு. அதன்மேல் முகப்புப் படம் (புரொஃபைல் போட்டோ) ஏறும், பொத்தான்கள் வரும், கணினியில் ஒரு விதமாகவும் போனில் வேறு விதமாகவும் அதன் ஓரங்கள் வெட்டுப்படும். எது மறையும், எது வெட்டுப்படும் என்பதை முதலில் கணக்கிட்டுவிட்டு, மிஞ்சும் இடத்தில் ஒரே ஒரு பொருளை வைப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை.

எங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டியை விரித்துப் பாருங்கள். உடல் முழுவதும் வெண்மை. நிறமும் சரிகையும் கரையில் மட்டும். அந்த வெண்மை இல்லாவிட்டால் கரை எடுபடாது. நல்ல பின்னணிப் படத்திலும் பெரும்பகுதி அமைதியாக இருக்க வேண்டும். கண்ணை இழுக்கும் பகுதி சிறிதாக, சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

அளவும் வெட்டும்

ஃபேஸ்புக் பின்னணிப் படத்தைக் கணினியில் 851 × 315 பிக்சலிலும் போனில் 640 × 360 பிக்சலிலும் காட்டுகிறது. முன்னது உயரத்தைப் போல் ஏறக்குறைய 2.7 மடங்கு அகலம் கொண்டது. பின்னது 16:9 என்ற விகிதம், அதாவது தொலைக்காட்சித் திரையின் வடிவம். கணினியைப் பார்த்துக்கொண்டே 851 × 315 அளவில் படம் செய்து ஏற்றினால், போன் அந்த 315 உயரத்தை முழுதாக எடுத்துக்கொண்டு அகலத்தில் நடுவிலுள்ள 560 பிக்சலை மட்டும் காட்டும். இருபுறமும் சுமார் 145 பிக்சல் காணாமற்போகும். கடையின் பெயரை இடது ஓரத்தில் அழகாக எழுதியவர்கள் போனில் பாதிப் பெயரைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

இதற்கு நான் பின்பற்றும் வழி எளியது. 1702 × 958 அளவில் ஒரு புதிய கோப்பைத் திறக்கிறேன். இது 851ஐ இரட்டித்து 16:9 வடிவத்துக்குக் கொண்டுவந்த அளவு. மேலே 164 பிக்சலிலும் கீழே 164 பிக்சலிலும் இரண்டு வழிகாட்டிக் கோடுகள் போடுகிறேன். போன் முழுப் படத்தையும் காட்டும். கணினி இந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட 630 பிக்சல் உயரத்தை மட்டும் காட்டும். ஆகவே எழுத்தும் முக்கியப் பொருளும் கோடுகளுக்குள் அடங்க வேண்டும். மேலும் கீழும் வானமோ தரையோ துணியின் வெறும் பரப்போ இருந்தால் போதும். பிறகு முகப்புப் படம் விழும் இடத்தைக் கணக்கிடுங்கள். அது கீழ் விளிம்பில், பெரும்பாலும் இடப்பக்கமாக வருவதால், அந்த மூலையை முன்கூட்டியே கைவிட்டுவிடுவது நல்லது. நான் அங்கே தனி அடுக்கில் (லேயரில்) ஒரு சாம்பல் வட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டே வேலை செய்வேன். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அந்த அடுக்கை மறைத்துவிட வேண்டும். மறைக்க மறந்து, சாம்பல் வட்டத்தோடேயே ஒரு படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பிய நாளும் உண்டு.

மற்றத் தளங்களுக்கு: எக்ஸ் தளத்தில் 1500 × 500. லிங்க்ட்இன் தனிநபர் பக்கத்தில் 1584 × 396, அதாவது வேட்டிக் கரையைப் போல நீண்டு ஒடுங்கிய வடிவம். யூடியூபில் குறைந்தது 2048 × 1152 வேண்டும், கோப்பு 6 எம்பிக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய படத்திலும் எல்லாக் கருவிகளிலும் தவறாமல் தெரிவது நடுவிலுள்ள 1235 × 338 மட்டுமே. இந்த எண்களைத் தளங்கள் அவ்வப்போது மாற்றுவதால், வேலையைத் தொடங்கும்முன் அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தல்

இணையத்தில் தேடி எடுத்த ஏற்காடு ஏரிப் படத்தைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அந்தப் படம் எடுத்தவருக்குச் சொந்தம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படங்களுக்கும் பொருந்தும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதே ஏரி, அதே படகு ஏற்கெனவே நூறு பக்கங்களில் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள போனே போதும். 12 மெகாபிக்சல் போன் ஏறக்குறைய 4000 × 3000 அளவில் படம் தருகிறது. அதிலிருந்து லிங்க்ட்இனின் 4:1 வடிவத்தை வெட்டினாலும் 4000 × 1000 மிஞ்சும், அது தாராளம். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், பொருளைச் சுற்றி வேண்டியதற்கு அதிகமாகவே இடம் விடுங்கள். வெட்டுவதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் தங்கும் விடுதியும் வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்குப் பின்னணிப் படம் செய்தபோது, அவர் விரும்பியது லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து தெரியும் சேலத்தின் இரவு விளக்குகளை. பார்ப்பதற்கு அது அருமையான காட்சிதான். ஆனால் இருண்ட வானத்தில் ஆயிரம் புள்ளிகள் சிதறிய படத்தின்மேல் எழுத்து எங்கும் நிற்காது. அதோடு, தளங்கள் படத்தைச் சுருக்கும்போது இருட்டின் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாகத் தெரியத் தொடங்கிவிடும். அப்படியும் இரவுக் காட்சிதான் வேண்டுமென்றால், முழு இருட்டுக்குக் காத்திராமல், சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக இருக்கும் சற்று நேரத்துக்குள், போனைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்து எடுங்கள். படத்தில் மிகச் சிறிதளவு மணல் தூவியது போன்ற புள்ளிகளை (நாய்ஸ்) சேர்த்தால் அந்தப் பட்டைகள் குறையும்.

நான் அவருக்குப் பரிந்துரைத்தது மூடுபனியை. பனி தொலைவிலுள்ளவற்றின் அழுத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுகிறது. முன்னால் நிற்கும் ஒரு சில்வர் ஓக் மரமும் அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் மட்டும் தெளிவாக நிற்க, பின்னால் எல்லாம் வெளுத்துப் போகிறது. வெண்பட்டின் வெண்மை விலையில்லாமல் கிடைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எனவே வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதிவாகும். திரையில் மரத்தின்மேல் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் பனி பனியாகவே வரும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைக்கு நான் செய்த படம் இதற்கு நேர்மாறான வேலை. வெள்ளிக்கென்று சொந்த நிறம் இல்லை; எதிரில் இருப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். முதல்நாள் எடுத்த படங்களில் கொலுசு முழுவதும் ஒரு பச்சைச் சாயல் ஓடியது; விளக்கை மாற்றினோம், துணியை மாற்றினோம், கடைசியில்தான் அது நான் அணிந்திருந்த சட்டையின் நிறம் என்று புரிந்தது. மறுநாள் வெள்ளைச் சட்டையோடு போய், ஃப்ளாஷை அணைத்துவிட்டு, சன்னலோரத்தில் கறுப்புத் துணியை விரித்து, எதிர்ப்புறம் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தி எடுத்ததில் சலங்கை மணி ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. கொலுசை வட்டமாகச் சுருட்டி வைப்பதுதான் வழக்கம். நாங்கள் அதை நீளமாக நீட்டி வைத்தோம். நீண்ட படத்துக்கு நீண்ட பொருளைப்போல் பொருத்தமானது வேறில்லை: படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் கொலுசு ஒரு கோடாக ஓட, கீழே முழுவதும் கறுப்பாக விட்டோம். பட்டறை உரிமையாளருக்கு அந்தக் கறுப்பைப் பார்த்து மனம் ஆறவில்லை.

“தம்பி, இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, போன் நம்பரைப் போட்டுடலாமே?”

“அண்ணா, படத்துல இருக்கிற நம்பரைத் தொட்டா போன் போகாதுங்க. அதுக்குக் கீழேயே தனி இடம் இருக்குது.”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் எண், முகவரி, மின்னஞ்சல் போன்றவற்றுக்குத் தளமே தனிப் பகுதி வைத்திருக்கிறது. அங்கே எழுதினால் தொட்டவுடன் அழைப்புப் போகும், தேடலிலும் அகப்படும். படத்தில் எழுதினால் இரண்டும் நடக்காது. பக்கத்தின் பெயரையும் தளமே படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் காட்டுவதால், அதையும் படத்தில் மீண்டும் எழுதத் தேவையில்லை. படத்தில் எழுத்து வேண்டுமென்றால், என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லும் ஒரே வரி போதும்.

நிறம்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. எடுத்த படத்திலிருந்தே இரண்டு நிறங்களை நிறமெடுக்கும் கருவியால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பரப்புக்கு, மற்றொன்று எழுத்துக்கு. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டு நெறிகளில் உள்ள அளவு. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கையில் எழுத்து மங்கினால் வேறுபாடு போதவில்லை என்று கொள்ளலாம். படம் அழகாக இருந்தும் எழுத்து நிற்கவில்லையென்றால், இரண்டுக்கும் இடையில் ஒரு கறுப்பு அடுக்கை 40 விழுக்காடு அழுத்தத்தில் வைத்துப் பாருங்கள்.

சிவப்பு எழுத்தைக் கருநிறத்தின்மேல் வைப்பதைத் தவிருங்கள். ஜேபெக் முறை கோப்பைச் சுருக்கும்போது வெளிச்சத்தைவிட நிறத்தின் நுணுக்கத்தையே அதிகமாகக் குறைப்பதால், சிவப்பின் ஓரங்கள் குங்குமம் வியர்வையில் கரைந்ததுபோல் இழுபடும். வெண்மையான படம் போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பக்கத்தின் பின்புலமும் வெள்ளையாக இருக்கும் அமைப்பில் படம் எங்கே முடிகிறது என்பதே தெரியாமற்போகும். ஏற்காட்டுப் பனிப் படத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. தூய வெள்ளையைச் சற்றுக் குறைத்து, பட்டு நூலின் இளமஞ்சள் சாயலுக்குக் கொண்டுவந்த பிறகே படத்துக்கு ஓரம் கிடைத்தது.

தமிழ் எழுத்து

தமிழில் எழுதுவோர் அதிகமாக இடறுவது இங்கேதான். என் மானம் போனதும் இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்குப் படம் செய்து ஏற்றினேன். இரண்டு நாள் கழித்துத்தான், ‘சேலம்’ என்பது ‘சலேம்’ என்று நிற்பதை அந்தக் கடைக்கு வந்த ஒரு பள்ளி மாணவி காட்டினாள். காரணம் இதுதான்: யூனிகோடில் ‘சே’ என்பது முதலில் ச, அடுத்து ஏகாரக் குறி என்ற வரிசையில் பதிவாகிறது, அந்தக் குறியை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. இந்திய மொழிகளுக்கான வசதி இயக்கப்படாத மென்பொருள் அதைப் பதிவான வரிசையிலேயே வைத்துவிட, கொம்பு அடுத்த எழுத்தான லகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘கொலுசு’ என்று எழுதினால் இன்னும் மோசம். ஒகரமும் உடையும், இரண்டு உகரங்களும் தனியே தொங்கும்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் வேலை செய்வோர், விருப்ப அமைப்புகளில் எழுத்துக்கான பகுதிக்குச் சென்று தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்துகொண்டு, பிறகு புதிய எழுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். ஜிம்ப், இன்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களும் கேன்வாவும் தமிழைச் சரியாகவே அமைக்கின்றன. அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து தருவார்கள். படமாக மாறியபின் அதில் குறையொன்றும் தெரியாது, ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளே மிஞ்சும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

எழுத்துருவைத் தேர்ந்தபின் மூன்று கவனங்கள். ஆங்கில வடிவமைப்பில் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது ஒரு பாணி. தமிழில் அதைச் செய்தால் காலும் கொம்பும் தன் எழுத்தைவிட்டு விலகி, சொல் சிதறிவிடும். அடுத்து, தமிழுக்கு மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரத்தின் வாலும் இருப்பதால், இரண்டு வரி எழுதுவீர்களானால் வரி உயரத்தை எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு வையுங்கள். கடைசியாக, மிகத் தடித்த எழுத்துருவில் ணகரமும் ஞகரமும் உள்வெளி அடைபட்டுக் கறுப்புக் கட்டிகளாகிவிடும். நடுத்தரத் தடிமனே போனில் தெளிவாகப் படிக்க வரும். எழுதி முடித்ததும் படத்தைப் போனில் திறந்து, கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அந்தத் தொலைவிலும் தெரிந்தால் எழுத்தளவு சரி.

ஏற்றும் முன்னும் பின்னும்

ஒளிப்படம் மட்டும் இருந்தால் ஜேபெக்காகவும், எழுத்தோ சின்னமோ இருந்தால் பிஎன்ஜியாகவும் சேமியுங்கள். நிறமுறை திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபியாக இருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து வாங்கிய சின்னமோ விசிட்டிங் கார்டு வடிவமோ அச்சு மைக்கான சிஎம்ஒய்கே முறையில் இருக்கும். அதை மாற்றாமல் ஏற்றினால் அரக்கு நிறம் வேறெதுவாகவோ வந்து நிற்கும். ‘300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கிறதா’ என்று கேட்பதும் அச்சகத்துப் பழக்கமே. திரையில் எண்ணப்படுவது பிக்சல் மட்டும். கணினியிலிருந்து போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையேல் அது வழியிலேயே சுருக்கிவிடும்.

ஃபேஸ்புக்கில் உங்கள் மற்றப் படங்களைப் பூட்டி வைத்திருந்தாலும் நடப்பிலுள்ள பின்னணிப் படம் எல்லோருக்கும் தெரியும். வண்டி எண், வீட்டுக் கதவிலக்கம், பள்ளிச் சீருடையிலுள்ள பிள்ளை ஆகியவை படத்தின் மூலையில் எங்காவது இருக்கின்றனவா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கொலுசுப் படத்தில் ஓரமாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் பாதி தெரிந்தது. அவரிடம் கேட்டோம், வேண்டாம் என்றார், வெட்டிவிட்டோம். ஏற்றியபின் உங்கள் போன், வேறொருவரின் போன், ஒரு கணினி ஆகிய மூன்றிலும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கணினியில் மேலும் கீழும் வெட்டுப்படும் இடம் பிடிக்கவில்லையென்றால் படத்தை இழுத்து நகர்த்தும் வசதி அங்கேயே இருக்கிறது.

அடுக்குகள் கலையாத மூலக் கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். எழுத்தும் நிறமும் வழிகாட்டிக் கோடுகளும் அதில் இருந்தால், பருவத்துக்கேற்ப ஒளிப்படத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஏற்காட்டு உறவினருக்கு இப்போது பனியும், அறுவடைக் காலத்துச் செங்காப்பிப் பழமுமாக இரண்டு படங்கள் தயாராக உள்ளன. மூன்றாவதாக, கோடை மழைக்குப் பின் தோட்டம் முழுவதும் வெள்ளையாகக் காப்பி பூத்திருந்ததை அவர் ஆசையாக எடுத்து அனுப்பினார். அத்தனையும் போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தவை, 16:9இல் வெட்டினால் நாலு பூதான் மிஞ்சியது. திரும்ப எடுக்கச் சொல்வதற்குள் பூ உதிர்ந்துவிட்டது. அடுத்த கோடை மழை பெய்ததும் நானே மேலே போவதென்று முடிவாகியிருக்கிறது.